நான் நிறுத்திய சுற்று

சண்டை விளையாட்டுப் போட்டிகளில் இனிமேல் ஆட்டத்தின் நடுவே யாரும் நிறுத்தும் பட்டனை அழுத்த முடியாதாம். மேடையில் ஆடும்போது அந்தப் பட்டன் வேலையே செய்யாதபடி அடைத்துவிடப் போகிறார்கள். போன வாரம் இந்தச் செய்தியை, எங்கள் பழைய அணியில் இப்போது ஆடும் பெண் ஒருத்தி எனக்கு அனுப்பியிருந்தாள். கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தாள்: "அக்கா, இது உங்களாலதானா?"

என்னால் இல்லை. உலகம் முழுக்க நடக்கும் போட்டிகளின் விதியை மாற்றுகிற அளவுக்குக் காஞ்சிபுரத்து எஸ்தர் பெரிய ஆள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு மத்தியானத்தை மறுபடி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. ஆடுவதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அந்த மத்தியானம் என்னை விடவில்லை. அவளுக்குச் சுருக்கமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். சுருக்கமாக வரவில்லை. அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவனை நான் ஆட்டிவைப்பேன், இன்னொருவனை எதிராளி. அடி விழ விழ மேலே இருக்கும் உயிர்க்கோடு தேயும். யாருடைய கோடு முதலில் தீர்கிறதோ அவர் அந்தச் சுற்றைத் தோற்றவர். கீழே பவர் என்று இன்னொரு கோடு; அது நிறைந்திருந்தால் ஒரே ஒரு பெரிய அடி அடிக்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு. இதை உத்தியோகமாகச் செய்து, சம்பளம் வாங்கி, அணிச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடினேன் என்றால், எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்புவதில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முந்திய தலைமுறைவரை எல்லாரும் திருமுக்கூடல் பக்கம் பிறத்தியார் நிலத்தில் வேலை செய்தவர்கள். அப்பாதான் முதலில் டவுனுக்கு வந்து, டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டு, பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை போட்டார். டிவி போய் மொபைல் வந்தபோது மொபைல் ரிப்பேருக்கு மாறினார். ஒரு முறை யாரோ ஒரு வீடியோ கேம் பெட்டியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. அப்பா அதைச் சரிசெய்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். எப்படிப் பழகினேன் என்பதற்கு இதற்குமேல் கதை இல்லை. பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, எல்லா வருடமும் அந்தக் கடையின் மூலையில்தான் என் கை பழகியது.

முதல் அதிர்ச்சி சென்னையில் கிடைத்தது.

அது நான் போன முதல் பெரிய போட்டி. ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். என் எதிராளி என் வயதுக்காரன். ஒல்லியாக இருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஹெட்போனை மாட்டினான். "பட்டன் எல்லாம் ஓகே" என்றேன். "எனக்கும் ஓகே" என்றான். ஆட்டம் தொடங்கியது. ஆடும்போது ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பொம்பளைப் பிள்ளை என்றால் இவ்வளவு இளக்காரமா, திரையைக்கூடப் பார்க்க மாட்டானா என்று ஆத்திரத்தில் திரையில் தாறுமாறாகக் குதித்தேன். குதித்த ஒவ்வொரு முறையும் அடித்துக் கீழே போட்டான். ஆட்டம் முடிந்தது. கை கொடுக்காமலே போய்விடலாம் என்று எழுந்தேன். அவன் நாற்காலிக்குக் கீழே கைவிட்டுத் துழாவி, மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைக் குச்சியை எடுத்து உதறி நீட்டினான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் "கொஞ்சம் நகருமா" என்று சொல்லும்வரை நின்றேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவன். கண்டக்டரிடம் "காஞ்சிபுரம் ஒண்ணு" என்றான். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க காஞ்சிபுரமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் திரும்பினான். "யாரு, குதிச்சிக்கினே இருந்த பொண்ணா?"

பெயர் தாமோதரன், தாமு என்று கூப்பிடுவார்கள் என்றான். ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் நெசவுக் குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாக்காம எப்படி ஆடறீங்க?"

"சத்தம்மா. நீ குதிச்சா ஒரு சத்தம். குனிஞ்சா வேற சத்தம். ஒரு காதுல நீ இருக்கற, இன்னொரு காதுல நான். கிட்ட வர வர ரெண்டும் ஒண்ணா சேரும். கண்ணு தெரிஞ்சவங்க யாரும் அத்த கேக்கறதே இல்ல."

"வீட்ல தறி சத்தம் கேட்டே வளந்திருப்பீங்க. அதான் காது அவ்ளோ கூர்மை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "தறி சத்தத்துல எங்கப்பாவுக்கு பாதி காது போயிடுச்சி. தறிக்கும் இதுக்கும் இன்னாமா சம்பந்தம்? நான் ப்ராக்டீஸ் பண்ணேன். நீயும் பண்ணு. சும்மா குதிக்காத."

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கை பிடித்து இறக்கிவிடப் போனேன். "எனக்கு படி தெரியும்" என்றான்.

அதற்கு அப்புறம்தான் நசீர் பாய் என்னை அணியில் சேர்த்தார். திருவல்லிக்கேணியில் ஒரு காலத்தில் வீடியோ கேம் பார்லர் நடத்தியவர். பார்லர்கள் எல்லாம் மூடிய பிறகு, ஆடத் தெரிந்த பிள்ளைகளைச் சேர்த்து அணி அமைத்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையைத் தவிர வேறெதிலும் அவரைப் பார்த்ததில்லை. குரல் உயர்ந்து கேட்டதே இல்லை.

அவரிடம் போட்டி நாள் என்றால் ஒரு வரிசை உண்டு. முதலில் நகம். வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ப்ளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரில் துண்டை நனைத்துக் கையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். ஏசி அரங்கத்தில் விரல் விறைத்துவிடும். அப்புறம் கன்ட்ரோலரின் ஒயரைச் செருகி ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்ப்போம். ஹெட்போனில் இடது, வலது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்போம். கடைசியாக நடுவில் இருக்கும் நிறுத்தும் பட்டனைக் காட்டுவார்.

"இத்த மட்டும் தொடாத பேட்டா. இது உன் சாவு."

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. போட்டி விதியே அதுதான். ஒரு சுற்று நடக்கும்போது யார் ஆட்டத்தை நிறுத்துகிறாரோ அவர் அந்தச் சுற்றை இழப்பார். தும்மினாலும் சரி, தேள் கொட்டினாலும் சரி. கை தவறிப் படக்கூடாது என்பதற்காக, அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் ஆட்டம் நிற்கும்படி வைத்திருப்பார்கள்.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் பயிற்சியாளர் நம்மிடம் வந்து பேசக் கொஞ்ச நேரம் உண்டு. மற்ற அணிகளில் அந்த நேரத்தில் கத்துவார்கள், தோளைப் பிடித்து உலுக்குவார்கள். நசீர் பாய் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தான் பார்த்ததை மட்டும் சொல்வார். "அவன் அடி வாங்கினா ஒடனே எழுந்து குதிக்கறான். ஓரத்துக்கு போனா குனியறான்." அவ்வளவுதான். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு முறை கோபத்தில், "நான் இன்னா பண்ணணும்னு சொல்லுங்க பாய்" என்று கேட்டேன். "பாத்தத சொல்றதுக்குதான் எனக்கு சம்பளம். பண்றது உன் வேல" என்றார்.

அவரிடம் நான் நன்றாக வளர்ந்தேன். தாமு எந்த அணியிலும் சேரவில்லை, தனியாகவே வந்து ஆடினான். பல ஊர்களில் மோதினோம். சில முறை அவன், சில முறை நான். அவனோடு ஆடிய பிறகுதான் நானும் சத்தத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டேன். வெளியில் நாங்கள் நண்பர்கள் என்று சொல்ல முடியாது. வாய் நீளம் அவனுக்கு. ஜெயித்தால் ஒரு வாரம் போன் பண்ணிக் கிண்டல் செய்வான். தோற்றால் போனையே எடுக்க மாட்டான். ஆனால் போட்டி அட்டவணையில் அவன் பெயர் என் பக்கம் இருந்தால் முந்தின இரவு கூடுதலாகப் பயிற்சி செய்வேன். அந்த மரியாதை அவனுக்கு எப்போதும் உண்டு.

இப்போது அந்த மத்தியானம்.

வெளிநாட்டில் நடக்கும் உலகப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து ஒரே ஒரு ஆளை அனுப்புவார்கள். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அந்த வருடம் சென்னையில், ஒரு கல்லூரி அரங்கத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு பேரும் காஞ்சிபுரத்துக்காரர்கள். அறிவிப்பாளர்கள் இரண்டு பேருக்கும் இதுவே பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. மைக்கில் பட்டு, இட்லி, கோயில் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா கடையை மூடிவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள், ஆளுக்கொரு திரை. தாமு எனக்கு இடது கைப் பக்கம். அதனால் அவனுடைய வலது காது மட்டும்தான் எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் போட்டி நடத்துகிறவர்களே ஒரே மாதிரி ஹெட்போன் தந்திருந்தார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராதபடி காதை இறுக்க மூடும் வகை. காது மூடியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும்.

மாறி மாறி ஜெயித்தோம். எல்லாம் சமமாகிக் கடைசி ஆட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு வந்து நின்றோம். அதை ஜெயிப்பவர் விமானம் ஏறலாம்.

அந்தச் சுற்றில் இரண்டு பேர் உயிர்க்கோடும் கடைசிச் சொட்டுக்கு வந்துவிட்டது. என்னிடம் கொஞ்சம் கூடுதல். அவனை ஒரு முறை தொட்டால் போதும். அப்போது திடீரென்று அவனுடைய ஆள் அசையாமல் நின்றான். தடுக்கவில்லை. பின்வாங்கவில்லை. சும்மா நின்றான். தாமு அப்படி நிற்பவனே இல்லை. ஒரு நொடி என் கண் தானாக அவன் பக்கம் போனது.

பச்சை விளக்கு அணைந்திருந்தது.

அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும்போலத் தலையைச் சாய்த்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது, இருட்டில் நிற்கிறவனை அடிக்கப் போகிறேன் என்று தோன்றியதா என்றால், அவ்வளவெல்லாம் தோன்றவில்லை. யோசிக்க நேரம் ஏது? என் கட்டைவிரல் நடுப் பட்டனுக்குப் போய்விட்டது. அழுத்திப் பிடித்தது. திரை உறைந்து நின்றது.

ஹெட்போனைக் கழற்றினேன். எங்கும் கூச்சல். முன் வரிசையில் அப்பா எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையும் தலையில் இருந்தது. நான் என்ன செய்தேன் என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"யாரு நிறுத்தனது?" என்றான் தாமு.

"நான்தான். உன் ஹெட்போன் ஆஃப் ஆயிடுச்சி தாமு."

"தெரியும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவர் ஓடி வந்தார். என்னிடம், "கை தெரியாம பட்டுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் தாமுவின் ஹெட்போனை எடுத்துப் பார்த்தார். செத்துத்தான் போயிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனிடம் சொன்னார்:

"நிறுத்துனவங்களுக்கு ரவுண்டு போயிடும், அதான் விதி. ஆனா எதிராளி ஒத்துக்கினா இந்த ரவுண்ட மட்டும் மறுபடி ஆடலாம். நீங்க சொல்லுங்க தாமோதரன். மறுபடி ஆடறீங்களா?"

கூச்சல் அடங்கியது. எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம். எனக்குச் சந்தேகமே இல்லை. கன்ட்ரோலரைக்கூட மறுபடி கையில் எடுத்துவிட்டேன்.

"வேணாம் சார்" என்றான் தாமு. "ரூல்படி எனக்கே குடுத்துடுங்க."

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று நடுவரைப் பார்த்தேன். அவரும் அதிர்ந்துபோய் நின்றார். இன்னொரு முறை கேட்டார். அதே பதில். நடுவர் அவன் கையைத் தூக்கினார். அரங்கத்தில் கைதட்டல் இல்லை. பின்னாலிருந்து யாரோ "வெக்கமா இல்லையா" என்று கத்தினார்கள். பிறகு எல்லாப் பக்கமிருந்தும் கத்தினார்கள். தாமு குச்சியை நீட்டிக்கொண்டு, அந்தக் கூச்சலுக்கு நடுவே நிதானமாக மேடையை விட்டு இறங்கினான்.

நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. நசீர் பாய் வந்து பக்கத்தில் குந்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வழக்கம்போல மெல்லச் சொன்னார்:

"அவன் எடது காதுல மூடி இல்ல பேட்டா. பின்னால தள்ளி விட்டிருந்தான். நான் நின்ன பக்கத்துலேர்ந்து தெரிஞ்சிது. நீ உக்காந்த பக்கம் தெரியாது."

எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்பதற்குள் தாமுவே சுவரைத் தொட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"எஸ்தர் இருக்குதா பாய்?"

"இருக்கேன்" என்றேன்.

"எனக்கு பாவம் பாத்தியா நீ?"

"உனக்கு ஒண்ணும் கேக்கல. அதான்..."

"எல்லாம் கேட்டுது. ஹெட்போன் போன ஒடனே ஒரு காத தொறந்துட்டேன். ஜனம் கத்திக்கினு இருக்குது. மைக்குல ரெண்டு பேர் நீ எங்க நிக்கற, இன்னா பண்றன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கினு இருக்காங்க. அதுக்கு மேல எனக்கு இன்னா வேணும்? நான் சும்மா நின்னேன்னு நெனச்சியா? என் பவரு ஃபுல்லா இருந்துது. நீ உள்ள வரணும்னு நின்னேன். வந்திருந்தா ஒரே அடி. முடிஞ்சிருப்ப."

"கைய தூக்கி நடுவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? சொன்னா நிறுத்திட்டு முதல்லேர்ந்து ஆட சொல்வாங்க. நான் ஜெயிக்கப் போறேன், நானே கலைச்சிக்கணுமா?" அவன் குரல் உடைந்தது. கோபத்தில் என்றுதான் நினைக்கிறேன். "நீ குடுத்து நான் வாங்கனேன்னு இனிமே ஊரே சொல்லும். அத்த நெனச்சிதான் எனக்கு ஆத்திரம். நானா ஜெயிச்சிருப்பேன் எஸ்தர்."

அவன் போய்விட்டான். உலகப் போட்டியை இழந்தது ஒரு அடி. அவன் மறுபடி ஆட மறுத்தது இன்னொரு அடி. நான் காப்பாற்ற நினைத்தவன் எனக்கு வலை விரித்து வைத்திருந்தான் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. மூன்றும் ஒரே மத்தியானத்தில்.

அடுத்து வந்த நாட்கள் அதைவிட மோசம். இணையத்தில் அவனை நன்றி கெட்டவன் என்று எழுதினார்கள். எழுத முடியாத வார்த்தைகளும் இருந்தன. விதிப்படி அவன்தான் ஜெயித்தான் என்று நான் எழுதியதற்கு, என்னைத் தியாகி என்று இன்னும் நாலு பேர் புகழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் என் கதையைப் பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார். வழியோரம் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியனுக்கு அடுத்து நான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் சொன்ன கதையில் தாமு வழியோரம் அடிபட்டுக் கிடந்தான். நான் அறிந்த தாமு எந்த வழியோரத்திலும் கிடந்தவன் இல்லை.

ஆட்டமும் கெட்டுப்போனது. எதிராளியின் ஆள் ஒரு நொடி அசையாமல் நின்றால் என் கண் திரையை விட்டு அவர் காதுக்குப் போய்விடும். அதற்குள் அடி விழும். சின்னப் போட்டிகளில்கூடத் தோற்றேன். நசீர் பாய், "நீ அவங்க காத பாக்கற" என்று மட்டும் சொன்னார். எனக்கே தெரிந்ததுதான். நிறுத்தத்தான் தெரியவில்லை.

தாமு உலகப் போட்டிக்குப் போனான். முதல் இரண்டு பேரை ஜெயித்து மூன்றாமவனிடம் தோற்றான். காஞ்சிபுரத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினான். அன்றைக்குத் தற்செயலாக நசீர் பாயும் அணியின் பழுதான கன்ட்ரோலர்களை அப்பாவிடம் காட்ட வந்திருந்தார். அப்பா சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அவருக்கு அவன்மேல் கோபம் தீரவில்லை.

"அங்கிள், இருங்க" என்றான் தாமு. "உங்க பொண்ண ஒண்ணு கேக்கணும். நீங்களும் இருக்கணும்." என் பக்கம் திரும்பினான். "என் எடத்துல கண்ணு தெரிஞ்சவன் ஒருத்தன் உக்காந்து ஆடறான். அவன் ஹெட்போன் ஆஃப் ஆயிடுது. நிறுத்துவியா?"

"மாட்டேன்" என்றேன். "அவனுக்கு ஸ்கிரீன் இருக்குதே."

"சரி. அவன் ஸ்கிரீன் ஆஃப் ஆயிடுது. அப்ப?"

நான் யோசிக்கவே இல்லை. "நிறுத்துவேன்."

"கடைசி ரவுண்டா இருந்தாலும்?"

"ஸ்கிரீன் இல்லாதவன எப்பிடி அடிக்கறது? நிறுத்திடுவேன்."

அவன் குச்சியை மடித்தான். விரித்தான். மறுபடி மடித்தான். "வெளிநாட்ல ரூம்ல உக்காந்து இதையேதான் யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றான். "கண்ணு இல்லன்னு நிறுத்தினியா, மிசின் போச்சுன்னு நிறுத்தினியான்னு. மிசினுக்குன்னா சரி. மிசின் யாருக்கு வேணா போவும்."

பிறகு உட்கார்ந்தான். "ஆனா நீ நம்பல. வந்திருந்தா செத்திருப்பன்னு சொன்னேன்ல, அத்த நீ இன்னும் நம்பல. உன் கொரல்லயே தெரியுது. பெட்டிய போடு."

அவன் சொன்னது நிஜம்தான். அந்த நிலையிலிருந்து நான் தோற்றிருப்பேன் என்பதை என் மனது ஏற்கவே இல்லை. விளையாட்டில் பயிற்சிக்கென்று இருக்கும் பகுதியில் நாம் விரும்பிய நிலையை அப்படியே அமைத்துக்கொள்ளலாம். நானே அமைத்தேன். அதே உயிர்க்கோடு, அதே தூரம், அவனுக்கு நிறைந்த பவர். டிவியின் சத்தத்தை அடைத்தேன். அவன் ஒயர் செருகாத ஹெட்போனை மாட்டி, இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"ஜனம் வேணுமே" என்றான்.

நசீர் பாய் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "மைக்கு நான்" என்றார். ரிப்பேருக்குக் கொடுத்த மொபைலை வாங்க வந்திருந்த இரண்டு பேரும், பக்கத்து டீக்கடைக்காரரும் வந்து நின்றார்கள். அப்பாவும் நின்றார். இவர்கள்தான் ஜனம்.

தொடங்கினோம். அவனுடைய ஆள் அசையாமல் நின்றான். நசீர் பாய் ஒரே சீரான குரலில், தான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனார். "எஸ்தர் பின்னால இருக்குது. ஒரு அடி முன்ன வருது. நிக்குது. மறுபடி பின்னால." நான் இழுத்தடித்தேன். அவன் அசையவில்லை. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியதைச் செய்யும் ஆசை விரல் நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவன் காதைப் பார்க்கவில்லை. எவ்வளவோ நாளைக்கு அப்புறம் திரையை மட்டும் பார்த்தேன். பாய்ந்தேன்.

"போவுது போவுது!" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

திரை வெள்ளையாக மின்னியது. என் ஆள் காற்றில் பறந்து, சுருண்டு, தரையில் விழுந்தான். உயிர்க்கோடு காலி.

யாரும் மூச்சுவிடவில்லை. நான் வாயைத் திறந்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மாதமாக, எத்தனை பேரிடம், தோற்றேன் என்று சொல்லாமல் விட்டுக்கொடுத்தேன் என்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்! அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தாமுவைப் பார்த்தார். நசீர் பாய்க்கே வார்த்தை வரவில்லை.

அந்த அமைதியில் தாமு மட்டும் தவித்தான். செத்த ஹெட்போன் ஒரு காதில். திறந்த காதில் எங்கள் ஒருவர் சத்தமும் இல்லை. கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான்.

"இன்னா ஆச்சு? யாரு விழுந்தா? யாராவது சொல்லுங்கபா!"

"நான்தான் விழுந்தேன் தாமு" என்றேன்.